நாற்பதுக்கு மேல் போகாத சத்தம்

வேலைக்கான கடிதம் வந்து ஐந்து நாளாகிவிட்டது. வீட்டில் எல்லோரும் அதைப் பார்த்தாயிற்று. மாமனார் ரஷீத் அஹமது கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இரண்டு தடவை படித்தார். மாமியார் ஷஹீன் பானு படிக்காமலே உச்சுக்கொட்டினாள். கணவன் ஒவைஸ் மட்டும், "சூப்பர் முபி, நீ போ. நான் இருக்கேன்ல" என்றான். அந்த வீட்டில் மனுஷன் என்று ஒருத்தனாவது இருக்கிறானே என்று முபஷ்ஷிராவுக்கு அப்போது நெஞ்சு நிறைந்துபோனது.

குடியாத்தம் ரோட்டில் இருக்கும் ஒரு ஷூ கம்பெனியின் டிசைன் பிரிவில் வேலை. திங்கட்கிழமை காலை சேர வேண்டும். ஏழரை மணிக்குக் கம்பெனி பஸ் தெருமுனைக்கே வரும். குழந்தை ஜோயாவுக்கு ஏழு மாதம் முடிந்துவிட்டது. இந்த வாய்ப்பை விட்டால் அடுத்தது எப்போது வரும், வருமா என்பதெல்லாம் அல்லாவுக்கே வெளிச்சம்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்த ரஷீத் அஹமது, சோபாவில் சாய்ந்துகொண்டு தீர்ப்பு சொன்னார்.

"ஞாயித்துக்கெழம மத்தியானம் ரெண்டு மணிலேர்ந்து நாலு மணி வரைக்கும் நீ மாடிக்குப் போகக் கூடாது. உங்க மாமி கொழந்தை பக்கத்துல இருப்பா. நீ இல்லாம ஜோயா தூங்கிச்சுன்னா வேலைக்குப் போ. முழிச்சி அழுதுச்சா, அந்தப் பேச்சை அதோட வுட்டுடு."

ஐம்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கிற முதலாளி. ஆம்பூரில் தோலுக்குக் கடைசி மெருகு ஏற்றும் ஃபினிஷிங் யூனிட் வைத்திருக்கிறவர். ஒரு பெண் வேலைக்குப் போகலாமா கூடாதா என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை; ஏழு மாதக் குழந்தையை நீதிபதியாக உட்கார வைக்கிறார்! முபஷ்ஷிராவுக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. ஆனால் சரி என்று தலையாட்டிவிட்டாள். ஜோயா இரண்டு மணிக்குக் கண்ணை மூடினால் நாலு மணிவரை அசையாது. அது அவளுக்குத் தெரியும். அந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இன்று.

காலையில் முபஷ்ஷிரா இட்லியை வைத்துவிட்டுத் திரும்பும்போதே ரஷீத் அஹமது ஆரம்பித்தார்.

"வாணியம்பாடிலேர்ந்து முக்தார் பாய் சாப்பாட்டுக்கு வர்றாரு. சாப்ட்டதும் மேல ஹோம் தியேட்டர்ல படம் போட்டுக் காட்டணும். ஒவைஸ், எல்லாம் ரெடியா வை."

முக்தார் அகமது வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குத் தோல் வாங்கிக் கொடுக்கும் ஏஜெண்ட். அவர் வந்தால் மாமனாருக்குக் கால் தரையில் நிற்காது.

"மாமா, ரெண்டு மணிக்கு ஜோயா தூங்கணும். நீங்க சொன்ன நாள்தானே இன்னிக்கு? தியேட்டருக்கும் அவ ரூமுக்கும் நடுவுல ஒரே செவுருதான்."

"அதுக்கு இன்னா இப்போ? தோல் அடிச்சிருக்கேன்ல!"

அல்லாவே! தோல் அடித்திருக்கிறாராம்.

அந்தத் தோலின் கதையைக் கேட்டால் யாருக்கும் வயிறு வலிக்கும். மாடியில் இரண்டே அறைகளுக்குத்தான் ஏ.சி. ஒன்றில் குழந்தை தூங்குகிறது. இன்னொன்றை ஹோம் தியேட்டர் ஆக்கினார் மாமனார். பெரிய திரை, ஏழு ஸ்பீக்கர், தும்மென்று அதிர்கிற சத்தத்துக்கென்றே பீரோ மாதிரி ஒரு சப்வூஃபர். சத்தம் வெளியே போகாமலிருக்க என்ன செய்யலாம் என்று கடைக்காரர் ஏதோ பஞ்சுப் பலகையைக் காட்டியிருக்கிறார். "தோல் ஊர்க்காரனுக்குப் பஞ்சு விக்கிறியா?" என்று அவரை விரட்டிவிட்டு, யூனிட்டிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்தார். கலர் சரியில்லை என்று இத்தாலிக்காரன் திருப்பியனுப்பிய மெரூன் தோல் குடோனில் சும்மா கிடந்தது. ஈரத்தோலைச் சட்டத்தில் கிளிப் போட்டு இழுத்துக் காயவைக்கிற வேலையை யூனிட்டில் டாகிள் என்பார்கள். அந்த டாகிள் ஆட்கள், தங்களுக்குத் தெரிந்த ஒரே வித்தையைச் சுவரிலும் காட்டினார்கள். மரச்சட்டம் அடித்து, நாலு மூலையிலும் இழுத்து, ஒரு சுருக்கம் இல்லாமல் தோலை விறைப்பாகக் கட்டிவிட்டுப் போனார்கள். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி.

பார்க்க அரண்மனை மாதிரிதான் இருந்தது. இதுவரை அதில் ஒருவரும் படம் போட்டுப் பார்க்கவில்லை. முக்தார் பாய் வந்துதான் திறப்பு விழா.

பத்து மணிக்கு முபஷ்ஷிரா ஒவைஸை இழுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். "எந்தப் படமாவது போடுங்க. நான் ஜோயா ரூம்ல நின்னு கேக்கறேன்."

ஒவைஸ் ஒரு சண்டைப் படத்தைப் போட்டான். குழந்தையின் அறையில் வசனம் ஒன்றுகூடக் கேட்கவில்லை. ஆனால் ஒரு கதவு சாத்தினாலும், ஒரு கார் கிளம்பினாலும் தும், தும் என்று சுவரே நெஞ்சில் இடித்தது. தொட்டிலின் கொக்கி கடகடவென்று ஆடியது.

அவள் தியேட்டருக்கு வந்து, மெரூன் சுவரை விரலால் ஒரு தட்டு தட்டினாள். தும்! மாமனாரும் பின்னாலேயே வந்து நின்றிருந்தார்.

"மாமா, இது செவுரு இல்ல. தஃப் மேளம்."

"இன்னா சொல்றே?"

"மரச்சட்டம், அதுமேல இழுத்துக் கட்டுன தோலு, உள்ள காத்து. தஃப் வேற எப்படிச் செய்வாங்க? வீடு உசரத்துக்கு நாலு தஃப் செஞ்சு வெச்சிருக்கீங்க. சப்வூஃபர் ஒரு தடவை தும்முனா இது நாலும் சேர்ந்து கொட்டும்."

நாற்பது வருஷம் தோலோடு புரண்ட மனுஷன். தோலில் மேளம் கட்டுவார்கள் என்பது மட்டும் எப்படியோ அவருக்கு மறந்துபோயிருந்தது. ரஷீத் அஹமது தானும் ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். தும் என்றது. முகம் கறுத்துவிட்டது.

"லெதர் குவாலிட்டி அப்படி" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவிட்டார். மூக்குடைந்தாலும் மீசையில் மண் ஒட்டாத ஜாதி!

அப்புறம் எல்லாம் முபஷ்ஷிரா தலையில்தான். அந்த வீட்டில் ஹோம் தியேட்டரின் மேனுவல் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்த ஒரே ஆள் அவள். வாங்கியவர் ரிமோட்டைத் தலைகீழாகப் பிடிப்பார். அவர் மகனுக்குத் தெரிந்தது சத்தத்தைக் கூட்டுகிற பட்டன் ஒன்றுதான்.

யூனிட்டுக்குப் போன் போட்டு, பக்கத்து ஷூ கம்பெனியில் ஷூவுக்குள் வைத்துத் தைக்கிற ஃபோம் வெட்டியதில் மிஞ்சிய துண்டுகளை இரண்டு மூட்டை வாங்கி அனுப்பச் சொன்னாள். குழந்தையின் அறையை ஒட்டிய சுவரில் மட்டும் சட்டத்தின் மேல்பக்கத்தைக் கழற்றி, அந்த ஃபோமை உள்ளே திணித்தாள். தட்டிப் பார்த்தாள். இப்போது தலையணையைத் தட்டின மாதிரி மொத்தென்றது. சப்வூஃபரைச் சுவரோரத்திலிருந்து எதிர்மூலைக்குத் தள்ளச் சொன்னாள். அதன் கீழே நாலு செருப்பை அடுக்கிய கனத்துக்கு ரப்பர் ஃபோம் வைத்தாள். கதவுக்கடியில் இருந்த இடுக்கை ஒரு பழைய துப்பட்டாவைச் சுருட்டி அடைத்தாள்.

அதற்குப் பிறகு ரிமோட்.

"பாருங்க" என்று ஒவைஸுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். "இது நைட் மோடு. இதைப் போட்டா வெடிச் சத்தம் கம்மியாவும், மெதுவாப் பேசறது தெளிவாக் கேக்கும். நடு ஸ்பீக்கரை ஏத்தியிருக்கேன், அதுலதான் வசனம் வரும். தும் தும்னு இடிக்கிற பேஸைக் கொறைச்சிருக்கேன். கொழந்தை சத்தத்துல முழிக்காது. திடீர்னு வர்ற சத்தத்துலதான் முழிக்கும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது, புரிஞ்சுது."

"வால்யூமுக்கு நாற்பதுன்னு லிமிட் வெச்சிட்டேன். பட்டனை எவ்ளோ அமுக்குனாலும் அதுக்கு மேல போவாது. மாத்தணும்னா செட்டிங்ஸ் உள்ள நாலு மெனு தாண்டிப் போகணும். இதோ, இப்படி. யாரும் தெரியாமக்கூட மாத்த முடியாது."

ஒவைஸ் மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டான்.

மறுபடியும் அதே சண்டைப் படத்தை ஓடவிட்டாள். தியேட்டருக்குள் வில்லன் காதோரம் கிசுகிசுப்பது வரை கேட்டது. மழை பெய்தால் முதுகுக்குப் பின்னால் பெய்தது. குழந்தையின் அறையில் ஏ.சி. சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. முபஷ்ஷிராவுக்குத் தன் மேலேயே ஒரு பெருமை வந்தது. வரட்டுமே, வேறு யார் பாராட்டப் போகிறார்கள்?

முக்தார் பாய் ஒரு மணிக்கு வந்தார். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வெளியே வெயில் நாற்பத்திரண்டு டிகிரி. பிரியாணியைச் சாப்பிட்டார், கத்தரிக்காயை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார், மருமகளின் கைப்பக்குவத்தைப் பற்றி மாமியாரிடம் பாராட்டினார். ஷஹீன் பானு அந்தப் பாராட்டை வாங்கித் தன் மடியில் கட்டிக்கொண்டாள்.

சரியாக இரண்டு மணிக்கு ஜோயா பால் குடித்துவிட்டுக் கண்ணை மூடியது. முபஷ்ஷிரா அதைத் தொட்டிலில் விட்டுவிட்டுக் கீழே இறங்கினாள். மாமியார் தொட்டிலருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். கையில் செல்போன். அதில் யாரோ ஒருத்தி பாயசம் செய்து காட்டி, காது கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். குழந்தை தூங்குமா என்று பரீட்சை வைக்கிற வீட்டில் பரீட்சை அதிகாரியின் லட்சணம் இது.

"மாமி, அந்தச் சத்தத்தை மட்டும் கொஞ்சம்..."

"இது மூணு புள்ள வளத்த கை. நீ போ."

போனாள். கீழே அடுக்களையில் அனல் அடித்தது. அவள் பாத்திரம் கழுவினாள், கழுவினதையே மறுபடி துடைத்தாள். இரண்டரை. மேலிருந்து சத்தமே இல்லை. இரண்டே முக்கால். மாமனார் சிரிக்கிற சத்தம் லேசாக வந்தது. மூன்று மணி. நாளை எந்தச் சுடிதார் போடுவது என்று யோசிக்கவும் ஆரம்பித்துவிட்டாள். நீலம் போட்டால் நன்றாயிருக்கும். இஸ்திரி போட வேண்டும்.

மூன்று இருபதுக்கு வீடு அதிர்ந்தது.

ஹெலிகாப்டரோ குண்டோ, என்ன இழவோ. மேடையில் அடுக்கியிருந்த எவர்சில்வர் தட்டுகள் சலசலத்தன. அதைத் தொடர்ந்து ஜோயாவின் அழுகை, வீல் என்று.

எந்த விதியையும் அவள் யோசிக்கவில்லை. இரண்டிரண்டு படியாகத் தாவி மாடிக்கு ஓடினாள். மாமியார் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு விழித்தபடி நின்றாள். முபஷ்ஷிரா பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். குழந்தையின் உடம்பு நடுங்கியது.

தியேட்டர் கதவு திறந்திருந்தது. துப்பட்டா ஓரமாகக் கிடந்தது. ரஷீத் அஹமது வாட்சைப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தார். தோல்வியடைந்த மருமகளைப் பார்க்கிற சந்தோஷத்தை மறைக்கக்கூட அவருக்குத் தெரியவில்லை.

"மூணு இருவது. பாத்தியாம்மா? நான் ஒண்ணும் சொல்லல. கொழந்தையே சொல்லிடுச்சு."

"எப்படி மாமா அவ்ளோ சத்தம் வந்துச்சு?"

"கை பட்டுடுச்சு முபி" என்றான் ஒவைஸ், சோபாவிலிருந்து எழாமலே. "ரிமோட்டு மேல தெரியாம கை பட்டுடுச்சு. சாரி."

முபஷ்ஷிரா குழந்தையோடு உள்ளே போய்த் திரையைப் பார்த்தாள். ஓரத்தில் எழுபத்திரண்டு என்று எண் நின்றது. நைட் மோடு போயிருந்தது. பேஸ் முழுசாக ஏறியிருந்தது.

"கை பட்டா நாற்பதுல நின்னிருக்கும். லிமிட்டை எடுக்க நாலு மெனு உள்ள போகணும். நாலு தடவை கை பட்டுச்சா?"

பாவம், முக்தார் பாய்க்கு இந்த வீட்டு விவகாரம் ஒன்றும் தெரியாது. உதவி செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

"தம்பி ரொம்ப நேரமா ரிமோட்டுல இன்னாமோ தேடிக்கினு இருந்தாரும்மா. படம்கூட நின்னுடுச்சு. நான்தான் பரவால்ல தம்பி, இப்படியே நல்லாத்தான் கேக்குதுன்னு சொன்னேன். கேக்கல. கதவைத் தொறந்து வெச்சாத்தான் எஃபெக்ட்டு வரும்னாரு."

சொல்லிவிட்டு எல்லோர் முகத்தையும் பார்த்தார். பிறகு, அஸர் தொழுகைக்கு நேரமாகிறது என்று நழுவிப் போய்விட்டார். அஸருக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது.

"நெஜமாவா?" என்றாள் முபஷ்ஷிரா.

ஒவைஸ் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினான்.

"ஏன்?"

"நீ போய்ட்டேன்னா... அம்மா மத்தியானம் முட்டிக்கு வைத்தியத்துக்குப் போறாங்கல்ல? அப்போ ஜோயாவை யாரு பாக்கறது? அப்பா என்னைத்தான் பாக்கச் சொல்லிட்டாரு. யூனிட்டுலயும் இப்போ மத்தியான ஷிஃப்ட்டு இல்ல." குரல் இறங்கிக்கொண்டே போனது. "டெய்லி ரெண்டு மணி நேரம். அது அழுதா நான் இன்னா பண்றது? நான்கூட கொஞ்சம் ரெஸ்ட் எடுக்க வேணாவா? படம் கிடம் பாக்க வேணாவா?"

இவ்வளவுதான்.

வேறு ஏதாவது காரணம் சொல்லியிருந்தால் அவளுக்குக் கோபமாவது வந்திருக்கும். நீ சம்பாதிப்பது எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஊர் என்ன பேசும் என்று சொல்லியிருக்கலாம். அப்பாவுக்குப் பயம் என்று சொல்லியிருக்கலாம். மத்தியானத்தில் படம் பார்க்க முடியாதாம். பெற்ற குழந்தையைத் தூக்கத்திலிருந்து பதறியடித்து எழ வைத்தானே, அது ஒரு சோபாவுக்காக! மாமனாரை அவள் இத்தனை நாள் எவ்வளவோ கேவலமாக நினைத்திருக்கிறாள். இந்த நிமிஷத்தில் அவர்கூட மேல் என்று தோன்றியது. அவராவது நேருக்கு நேர் நின்று கெடுத்தார்.

"எழுந்திருங்க" என்றாள்.

எழுந்தான்.

அழுகிற ஜோயாவை அவன் கைகளில் வைத்தாள். அவன் சூடான பாத்திரத்தை வாங்குவதுபோல் உடம்பைப் பின்னால் இழுத்துக்கொண்டு வாங்கினான்.

"முதுகுல கை குடுங்க. அப்படி இல்ல, தோள்ல சாய்ச்சுக்குங்க. இப்போ நடங்க."

"முபி, அழுவுதே..."

"நாளைக்கு ஏழரைக்குப் பஸ். இன்னும் பதினாறு மணி நேரம் இருக்கு. பழகிக்குங்க."

திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தாள். ஷஹீன் பானு வழியில் நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, என்ன நினைத்தாளோ, செல்போனில் கத்திக்கொண்டிருந்த பாயசக்காரியை அணைத்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டாள்.

முபஷ்ஷிரா படிகளில் இறங்கினாள். ரஷீத் அஹமது பின்னாலேயே வந்தார்.

"நில்லு. நான் இன்னும் போன்னு சொல்லலயே?"

"நான் கேக்கலயே மாமா."

"பந்தயத்துல தோத்துட்டே."

"தோத்தது நான் இல்ல. மேல போய்ப் பாருங்க, யாருன்னு தெரியும்."

மேலே ஜோயா அழுதுகொண்டே இருந்தது. முபஷ்ஷிரா கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு நின்றாள். ஓடிப்போய்த் தூக்கிக்கொள் என்று உடம்பு முழுக்கச் சொன்னது. மார்பு கனத்து வலித்தது. ஒரு அடி எடுத்துவைத்தால் போதும், நாளைக்கும் அடுத்த வருஷமும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அவள் அசையவில்லை. அழுகை தேம்பலாகி, தேம்பல் விக்கலாகி, நின்றது. ஒவைஸின் காலடி மட்டும் மேலே அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தது. சந்தோஷப்பட வேண்டிய அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"உன்னை வேலைக்குக் கூப்ட்டுருக்கற கம்பெனி..." என்றார் மாமனார், கூடத்துக்கு வந்து செல்போனை எடுத்தபடி. "அது தவ்ஃபீக் பாயோடதுதானே?"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். பேரணாம்பட்டிலிருந்து ராணிப்பேட்டை வரைக்கும் தோல் தொழில் செய்கிற எந்த முதலாளியும் இன்னொரு முதலாளியின் கல்யாணப் பத்திரிகையில் இருப்பான். ஒருத்தர் கொடுத்த வேலையை இன்னொருத்தர் ஒரே போனில் நிறுத்திவிடுவார். இது அவளுக்குத் தெரியாததா? எப்படி மறந்தாள்?

"அஸ்ஸலாமு அலைக்கும் தவ்ஃபீக் பாய்!" ரஷீத் அஹமது வழக்கம்போல் தெருவுக்கே கேட்கிற மாதிரி ஆரம்பித்தார். "நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன். உங்க டிசைன் செக்‌ஷன்ல நாளைக்கு ஒரு பொண்ணு வந்து சேரப் போவுதாம்ல..."

சட்டென்று நிறுத்தினார். மாடிப் பக்கம் அண்ணாந்து பார்த்தார். குழந்தை அப்போதுதான் தூங்குகிறது என்பதுபோல் உதட்டின் மேல் ஒரு விரலை வைத்து முபஷ்ஷிராவிடம் காட்டினார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, அந்த வீட்டில் யாரும் அவரிடம் கேட்டறியாத அளவுக்குக் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

முபஷ்ஷிராவுக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.